முழுக்கை ரவிக்கை

ஜனவரி 7, 1985

திங்கட்கிழமை எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடி உடைக்கும் நாள். பட்டைக் கண்ணாடியைக் கீறி, இடுக்கியில் வைத்து நெரித்தால் முக்கோணமாக உடையும். அந்த முக்கோணத்தின் விளிம்புதான் திசுவைச் சீவ எங்களுக்குக் கத்தி. புதிதாக உடைந்த கண்ணாடி தோலில் இறங்கினால் வலிக்காது. தரையில் சொட்டும்போதுதான் யாருடைய ரத்தம் என்று தேடுவோம். ஆராய்ச்சி மாணவியாக வந்திருக்கும் அங்கயற்கண்ணியிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லி வாயை மூடுவதற்குள் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டாள்.

"ஆத்தி, வலிக்கவே இல்ல மேடம்!" என்று அதிசயப்படுகிறாள். அதைத்தானே பெண்ணே இவ்வளவு நேரம் கத்தினேன்.

ஜனவரி 9

சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். "நீங்க என்னதாம்மா பண்றீங்க இங்க?" என்றார். பத்து வருஷமாகப் பண்ணுவதை அவர் காபி ஆறுவதற்குள் சொல்ல வேண்டும்.

"பூரி தெரியுமா சார்?" என்றேன். உயிரணு ஒவ்வொன்றையும் ஒரு சவ்வு மூடியிருக்கிறது. உப்பின பூரி மாதிரி அதற்கு மேல்தோல், கீழ்த்தோல் என்று இரண்டு. ஒரு சொட்டு ரத்தத்தைத் திரவ நைட்ரஜனில் கல்லாக உறையவைத்து, காற்றை உறிஞ்சிய கலத்துக்குள் பிளேடால் ஒரு தட்டுத் தட்டினால் சவ்வு நடுவே இரண்டாகப் பிளக்கும். பிளந்த முகத்தில் பிளாட்டினத்தை ஆவியாக்கிப் படியவிட்டு, அந்த அச்சை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சவ்வுக்குள் புதைந்திருக்கும் புரதங்கள் ரவை சிந்தியது போலத் தெரியும். வெளிநாட்டில் இதற்கென்று விற்கும் எந்திரத்தின் விலைக்கு இந்தக் கட்டிடத்தையே வாங்கலாம். நான் கண்ணாடிக்கு ரசம் பூசும் பழைய கலம் ஒன்றை வாங்கி, திருநகர் லேத் பட்டறையில் நின்று, திட்டியும் கெஞ்சியும் அதை நானே செய்தேன்.

"பலே!" என்றார். அப்புறம், கான்டீனில் பூரி நன்றாக இருக்குமா என்று கேட்டார்.

ஜனவரி 21

இந்த வருஷத்துக் கேள்வி காய்ச்சல். உடம்பு கொதிக்கும்போது ரத்த அணுவின் சவ்வுக்கு என்ன ஆகிறது? சூடு பண்ணிய ரத்தத்தைப் பார்க்குமுன் சூடு பண்ணாததைப் பார்க்க வேண்டும், ஒப்பிட.

ரத்தம் என்னுடையதுதான். ஆராய்ச்சி யாருடையதோ அவர் கைதான் முதலில் நீள வேண்டும் என்பது நான் வைத்த சட்டம். டெக்னீஷியன் கபூர் பாய் திங்கள்தோறும் என் கையில் எடுப்பார். குத்தினதே தெரியாது.

படங்கள் அற்புதம். எங்களுடையது பழைய மைக்ராஸ்கோப், கண்ணாடித் தகட்டில்தான் படம் விழும். தகட்டை வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளிகள் ஒரே சீராகப் பரவிக் கிடக்கின்றன. என் ரத்தத்துக்குள் இவ்வளவு ஒழுங்கா!

அடியில் என் பெயர் போட்ட ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய் என் கணவர் ரூபஸிடம் காட்டினேன். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறார். அவருடைய ஆராய்ச்சி பாதியில் நின்று வெகுகாலம் ஆகிறது. அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் கிடையாது.

"ஓம் பேரு மட்டுந்தாம்ட்டி இருக்கு" என்றார்.

"எம் படந்தானே" என்றேன்.

இடது புருவத்துக்கு மேல் வீக்கம், புளியங்கொட்டை அளவு. காரணம்: அலமாரிக் கதவு.

பிப்ரவரி 11

ரப்பர் குழாயைக் கட்ட என் கையைத் தூக்கிய கபூர் பாய் அப்படியே நின்றுவிட்டார். மேல்கையில் ஒருபக்கம் நாலு நீலத் தடம், மறுபக்கம் ஒன்று.

"என்னம்மா இது?"

"டவுன் பஸ்ல நெரிசல், பாய்."

"பஸ்ஸுக்கு அஞ்சு வெரல் இருக்காம்மா?"

"ஊசியப் பாத்துக் குத்துங்க. உங்கள வக்கீல் வேலைக்கு வெக்கல!" என்று கத்திவிட்டேன். என் வாய்க்குப் பயந்து மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

காரணம்: பஸ் நெரிசல்.

பிப்ரவரி 18

முழுக்கை ரவிக்கை ஆறு தைக்கக் கொடுத்தேன். "வெயில் காலம் வருதேம்மா, இப்பப் போயி முழுக்கையா? அவிஞ்சிருவீங்க" என்றார் தையல்காரர். ஆய்வகத்தில் குளிர் என்றேன். என் ரவிக்கை அவருக்கு என்ன விசாரணை?

இனி என் ரத்தம் வேண்டாம். நரம்பு சரியாகக் கிடைப்பதில்லை. ரத்த வங்கியில் தேதி முடிந்த பாட்டில்களைக் கொட்டத்தான் போகிறார்கள். கபூர் பாய் கேட்டு வாங்கிவரட்டும். ரத்தம் ரத்தம்தானே.

மார்ச் 12

கண்டுபிடித்துவிட்டேன்! பாட்டில் ரத்தத்தைக் காய்ச்சல் சூட்டில் வைத்துப் பிளந்தோம். சவ்வில் ரவை மாதிரிப் பரவிக் கிடந்த புள்ளிகள் ஒன்றுகூடித் திட்டுத் திட்டாக நிற்கின்றன. இடையிலெல்லாம் வெறும் வெளி. "தீவு தீவா இருக்கு மேடம்" என்றாள் அங்கை. அதையே பெயராக வைத்துவிட்டேன். ஜனவரிப் படத்தை இடதுபக்கமும் இதை வலதுபக்கமும் வைத்தால், குழந்தைகூடச் சொல்லும் சூடு என்ன செய்கிறது என்று.

எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக்கொடுத்தேன். அங்கை என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். உயிர் போனது போல் வலித்தது. சிரித்துச் சமாளித்தேன்.

மார்ச் 29

கட்டுரை தபாலில் போயிற்று. முதுகில் பெல்ட் வார் அளவுக்குத் தடிப்பு. காரணம்: மல்லாந்து படுத்ததில் வேனல் கட்டி.

வேனல் கட்டி நேர்கோட்டில் வருமா என்று ஒரு மாணவி என்னிடம் எழுதிக் காட்டியிருந்தால் நோட்டை அவள் முகத்திலேயே எறிந்திருப்பேன்.

ஏப்ரல் 5

பெரிய வெள்ளி. கோயிலில் ரூபஸ் ஆர்கன் வாசித்தார். மூன்று மணி ஆராதனையில் கண் கலங்காதவர்கள் இல்லை. வெளியே வந்ததும் சபையார் அம்மா ஒருத்தி என் தாடையைத் தடவி, "அந்த வெரலுக்கு முத்தம் குடுக்கணும் எமீமா. குடுத்துவச்சவ நீ" என்றாள்.

அந்த விரல்களை எனக்கும் தெரியும்.

மே 20

பெங்களூர் மாநாட்டில் பேச அழைப்பு. சவ்வைப் பற்றித் தேசம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள், ஆகஸ்டில். நாற்பது நிமிஷம் எனக்கு மட்டும்! திரையில் காட்டப் படவில்லைகள் தயாரிக்க ஜனவரித் தகடுகளை மரப்பெட்டியோடு வீட்டுக்கு எடுத்துப்போனேன். ரூபஸிடம் இன்னும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லலாம்.

மே 21

தகடுகள் உடைந்துவிட்டன. மேஜையிலிருந்து விழுந்தன.

மே 24

வலது மணிக்கட்டில் கட்டு. இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணுகிறது.

காரணம்:

ஜூன் 10

மாநாட்டுக்குச் சூடு பண்ணாத ரத்தத்தின் படம் மறுபடி வேண்டும். போன வாரமே அங்கையிடம், பாட்டில் ரத்தத்தை எடுத்துச் சூடு காட்டாமல் பிளந்து புதுத் தகடு போடச் சொல்லியிருந்தேன். இன்று வந்து நின்றாள், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"மேடம், ஒண்ணு சொல்லுவேன். வையக் கூடாது."

"சொல்லு. அப்பறம் வையிறதா வேணாமான்னு பாக்கறேன்."

"சூடு பண்ணாததுலயும் தீவு இருக்கு."

"நீ ஒழுங்கா ஒறைய வெச்சிருக்க மாட்ட."

"வெவ்வேற பாட்டில்ல செஞ்சு பாத்துட்டேன் மேடம். எல்லாத்துலயும் இருக்கு. சூட்டுனால வர்ற மாதிரி தெரியல."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. முழம் உயரம் இல்லாத பெண், என் கண்டுபிடிப்பை என் முகத்துக்கு நேரே இல்லை என்கிறாள். "தப்பையே திரும்பத் திரும்பச் செஞ்சா சரியாயிடுமா? ஜனவரியில வந்துச்சே, அதுல எங்கடி தீவு இருந்துச்சு?"

"அது உங்க ரத்தம் மேடம். இது பாட்டில் ரத்தம்."

"ரத்தத்துல என்ன ஒசத்தி தாழ்த்தி! பாய், ஊசி எடுங்க. இப்பவே எடுத்து, இப்பவே பொளந்து, இவ மூஞ்சிக்கு முன்னால காட்டறேன்!"

முக்காலியில் உட்கார்ந்தேன். இடது ரவிக்கைக் கையின் பொத்தானைப் பல்லால் பிய்க்காத குறையாகக் கழற்றி, தோள்வரை சுருட்டிக் கையை நீட்டினேன்.

பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று நானும் குனிந்து பார்த்தேன். பழசு மஞ்சளாக, புதுசு கருநீலமாக. முழங்கை மடிப்பில் தோசைக்கரண்டியின் சூடு, முனை வளைவு உட்பட. இத்தனை நாளும் குளியலறையில்கூட நான் நேராகப் பார்க்காத கை, ஆய்வகத்து வெள்ளை விளக்கின் கீழ் மேஜைமேல் கிடந்தது.

"எந்தக் கட்டையில போறவன் மேடம் இது?" என்றாள் அங்கை. அழுகிறாளா கத்துகிறாளா என்று தெரியவில்லை.

கபூர் பாய் ரப்பர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறினார். "எங்கன குத்துறதுன்னு தெரியலம்மா" என்றார்.

கடைசியில் புறங்கையில் எடுத்தார்.

ஜூன் 13

என் புது ரத்தத்தைப் பாதி சூடு காட்டியும் பாதி காட்டாமலும் பிளந்தோம். அங்கையின் ரத்தத்தையும் அப்படியே. எதிலும் தீவு இல்லை. காய்ச்சல் சூட்டுக்கு அந்தப் புள்ளிகள் அசையவே இல்லை. குளிர்ப்பெட்டியில் கிடந்து பழசான பாட்டில் ரத்தத்தில்தான் தீவு. பழசாகப் பழசாக இன்னும் பெரிய தீவு.

முதல் வருஷ மாணவிகூடச் செய்ய மாட்டாள் இந்தத் தவறை. ஒப்பீட்டுக்கு ஒரு ரத்தம், சோதனைக்கு வேறு ரத்தம்! நான் செய்தேன். ஏன் செய்தேன் என்று மற்றவர்களுக்கு எழுதும் முன் இங்கே எழுதிவிடுகிறேன்.

புருவம், மேல்கை, முதுகு, முழங்கை, மணிக்கட்டு. காரணம்: ரூபஸ்.

மே 20 ராத்திரி பெங்களூர் விஷயத்தைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கை கழுவித் துடைத்துவிட்டு வந்து மரப்பெட்டியைத் திறந்தான். தகடுகளை ஒவ்வொன்றாக விளக்கொளியில் பிடித்துப் பார்த்தான். "நல்லாத்தாம்ட்டி இருக்கு" என்றான். மேஜை விளிம்பில் தட்டி உடைத்தான். அடுத்ததை எடுத்தான், பார்த்தான், உடைத்தான். அவசரமே இல்லை. நான் கையை நீட்டித் தடுத்தேன். காலிப் பெட்டியைத் தூக்கி மணிக்கட்டின்மேல் இறக்கினான். கையை இழுத்துக்கொள்ள முடியாதபடி முழங்கையில் முட்டி போட்டு அழுத்திக்கொண்டு மறுபடி இறக்கினான். எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும், ஏனென்றால் அப்போதுதான் நிறுத்தினான். அப்புறம் அவனே மரச்சிம்பு வைத்துக் கட்டுப்போட்டுவிட்டான். அழகான கட்டு. டாக்டர் யார் கட்டியது என்று பாராட்டினார்.

இவனுக்குப் பயந்து கையை மூடினேன். கையை மூடியதால் ரத்தத்தை மாற்றினேன். ரத்தத்தை மாற்றியதால் என் வேலையில் பொய் புகுந்தது. அடியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், என் படங்களுக்குள்ளேயும் இவன் நுழைந்துவிட்டான் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகத் தந்தி கொடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போகவில்லை. பெண்கள் விடுதியில் அங்கை தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுக் கீழே பாய் விரித்திருக்கிறாள். குறட்டை விடுகிறாள், ராட்சசி.

ஜூலை 1

வேலை பிசாசாக ஓடுகிறது. ரத்த வங்கியில் வெவ்வேறு வயதுப் பாட்டில்கள் வாங்கி வரிசையாகப் பிளக்கிறோம். நோயாளிக்கு ஏற்றும் ரத்தத்தின் சவ்வு பாட்டிலுக்குள்ளேயே எப்போது கெட ஆரம்பிக்கிறது என்று கண்ணால் காட்ட முடியும். காய்ச்சலைவிட இது பெரிய விஷயம். இதைத் தேடிப் போகவில்லை என்பதுதான் அவமானம்.

மாநாட்டுக்காரர்களுக்குத் தலைப்பை மாற்றி எழுதினேன். பழைய முடிவு தவறு என்றும் எழுதினேன். வரச்சொல்லிவிட்டார்கள்.

ஜூலை 8

விடுதி அறையில் எழுதுகிறேன். தலையில் தையல்.

காலையில் கண்ணாடி உடைத்துக்கொண்டிருந்தோம். புதுக் கத்திகள் தட்டு நிறைய மேஜையில் இருந்தன. கதவைத் தட்டிவிட்டு ரூபஸ் உள்ளே வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கோயிலுக்கு வருகிற அதே சிரிப்பு. கபூர் பாய்க்கு வணக்கம் சொன்னான்.

"வீட்டுக்கு வாட்டி."

"வரல."

"சபையில என்ன கேக்காங்க தெரியுமா? ஒம் பொண்டாட்டி எவன்கூடப் போனான்னு கேக்காங்க."

"நான் எங்க இருக்கேன்னு நீயே சொல்லு. இங்கதான் இருக்கேன்."

நீ என்று அவனை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. கொண்டையைப் பிடித்து இழுத்து மைக்ராஸ்கோப் தூணில் என் தலையை மோதினான். பார்வை ஒரு கணம் வெள்ளையாகப் போயிற்று. மறுபடி மோதினான். அங்கை பாய்ந்து அவன் முன்கையைக் கடித்தாள், நாய் கவ்வுவதைப்போல் விடவே இல்லை. அவளை உதறித் தள்ளியதில் தடுமாறி, விழாமலிருக்க மேஜையில் வலது கையை ஊன்றினான். முழுப் பாரத்தையும் போட்டு ஊன்றினான். தட்டு நொறுங்கும் சத்தம் கேட்டது.

அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதே கையால் என்னை அறைந்தான். இன்னொரு முறை அறைந்தான். என் கன்னமெல்லாம் ஈரம், வாயில் உப்பு. என் ரத்தம் என்றுதான் நினைத்தேன். தரையைப் பார்த்தேன். சொட்டு அவன் பக்கத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவனும் கையைப் பார்த்தான். உள்ளங்கை குறுக்கே திறந்து கிடந்தது. நடுவிரலும் மோதிர விரலும் சொன்னபடி கேட்காமல் தொங்கின. "எமி," என்றான், "எங் கை." சின்னப் பிள்ளை மாதிரி அதை என்னிடம் நீட்டினான், கட்டச் சொல்லி.

என் கை மேஜைக்குப் போனது, உண்மையைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் உடையாத கத்தி ஒன்று இருந்தது. அவன் கழுத்தும் பக்கத்தில் இருந்தது. எந்த இடத்தில் வைத்து எவ்வளவு அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதுதான் என் தொழில். விரல் கண்ணாடியில் பட்டதும் எடுத்துவிட்டேன். இவனுக்காக என் கத்தியை வீணாக்கவா?

"பாய், நீங்க கட்டுங்க. ஆம்புலன்ஸுக்கும் போலீஸுக்கும் அங்கை போன் பண்ணட்டும்" என்றேன். நான் அந்தக் கையைத் தொடவில்லை. அங்கே சிந்திய ரத்தத்தில் ஒரு சொட்டுக்கூட சாம்பிளுக்கு எடுக்கவில்லை.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார்: "புருசன் பொண்டாட்டிக்குள்ள இதெல்லாம் சகஜம்மா. அவருக்குத்தான் காயம் ஜாஸ்தி." நான் ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டி அவர் மேஜைமேல் வைத்தேன். புகாரை எழுதிக்கொண்டார்.

ஜூலை 15

தரையைக் கழுவியும் கல் இடுக்கில் பழுப்பு நிற்கிறது. கபூர் பாய் தினமும் தேய்க்கிறார். சபையார் அம்மா வந்தாள், "அவரு வெரலு இனி மடங்காதாம்லா, ஒனக்கு மனசே இல்லியா எமீமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 20, பெங்களூர்

காலையில் அங்கையின் கத்தரிக்கோலை வாங்கி, உடுத்த எடுத்துவைத்த ரவிக்கையின் கைகளை முழங்கைக்கு மேலாக வெட்டினேன். ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தாள். ஊசி பிடிக்கத் தெரியாத பிறவி, தையல் பல்லை இளிக்கிறது.

நீலமெல்லாம் போய்விட்டது. தோசைக்கரண்டித் தழும்பு மட்டும் போகாது.

பெரிய கூடம். முதல் வில்லை, கட்டுரையோடு போய்த் திரும்பி வந்த ஜனவரிப் படம், அடுத்தது தீவுகள். "இது தவறு, நான் செய்த தவறு" என்றேன். அப்புறம் பாட்டில் ரத்தத்தின் படங்களை வரிசையாகக் காட்டினேன்.

கேள்வி நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். உங்களைப் போன்ற அனுபவசாலி எதற்காகப் பாதியில் ரத்தத்தை மாற்றினீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். வசதிக்காக என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"என் கணவன் என்னை அடித்துக்கொண்டிருந்தான்" என்றேன். "ஊசி போடக் கையைத் திறந்தால் தடம் தெரியும். அதை மறைக்கத்தான் ரத்தம் கொடுப்பதை நிறுத்தினேன். சோதனை கெட்டதற்கு வேறு காரணம் இல்லை."

பெரியவர் உட்கார்ந்துவிட்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நின்றுகொண்டே இருந்தேன். மேடைப் பலகையைப் பிடித்துக்கொண்டேன், ஆனால் கையை மறைக்கவில்லை.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். முகம் சரியாகத் தெரியவில்லை. "டாக்டர், மூன்றாவது படத்தில் இருக்கும் ரத்தம் எவ்வளவு பழசு? அதை நோயாளிக்கு ஏற்றலாமா?" என்று கேட்டாள்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, மூன்றாவது படத்தை மறுபடி போட்டேன்.

ஆகஸ்ட் 26

திங்கட்கிழமை. கண்ணாடி உடைத்தோம், யாருக்கும் வெட்டவில்லை. கபூர் பாய் ரப்பர் குழாயைக் கட்டிக் கையைத் தட்டிப் பார்த்தார். நரம்பு உடனே கிடைத்தது.